கற்பூரவல்லியின் மேல் பழி வேண்டாம்

கற்பூரவல்லி வளர்க்க ஒரு சாமர்த்தியமும் தேவையில்லை, மேடம். ஒரு கிளையை ஒடித்து, அடியில் இருக்கும் இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஈர மண்ணில் ஊன்றினால் போதும். பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும். வெயில் கூடினால் கோபிக்காது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. மனிதர்களில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

நடந்ததை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து என் கையால் எழுதித் தரச் சொல்லி, நாலு தாளும் ஒரு பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். தங்கை எப்படி இறந்தாள் என்பதற்கு ஒரு பக்கம் போதும், ஃபைலை மூடிவிடலாம் என்றீர்கள். நானும் ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் மேசையில் திறந்து கிடந்த ஆஸ்பத்திரி அறிக்கையில் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. 'மூலிகைச் சாறு கொடுத்துக் காலம் தாழ்த்தியதால்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் நான் கொடுத்த கிளை செடியாகி நின்றது. தங்கையின் காரியம் முடிந்த மறுவாரமே ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் மட்டும் பிடுங்கவில்லை. தொட்டியோடு தூக்கிவந்து என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து வருடம் அவளுடைய தொண்டைக்கட்டுக்கு அந்த இலைதான் மருந்து. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்த இலையைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ தெரியாது. தடிமனாக, மேலே பூனை மயிர் போல ஒரு மெத்து இருக்கும். கிள்ளினால் கை முழுக்க வாசனை ஏறிவிடும், சோப்புப் போட்டாலும் அரை நாள் போகாது. தொண்டை கட்டினால் ஒரு இலையை மென்று சாறை விழுங்கலாம். சளிக்கு வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கலாம். பூச்சி கடித்த இடத்தில் கசக்கித் தேய்த்தால் அரிப்பு அடங்கும். எங்கள் தொழிலுக்கும் அது உதவி. நாங்கள் மெத்தை தலையணை தைக்கிறவர்கள். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே காய்ந்த இலையைத் தூவி வைத்தால் பூச்சி அண்டாது என்று அப்பா சொல்வார், அப்படித்தான் வைப்பார்.

நம்பிக்கைகளும் உண்டு. கேட்டு வாங்கிய கிளையைவிடத் திருடிய கிளை சீக்கிரம் வேர்விடும் என்பார்கள். கோபத்தோடு பறித்தால் இலை கசக்கும் என்பார்கள். நோயாளிக்கென்று ஒடித்ததில் மிச்சம் விழுந்ததை மண்ணில் போடக் கூடாது, அது முளைத்தால் நோயும் கூடவே முளைக்கும் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே கேட்கலாம். மூன்றாவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

என் தங்கைக்கு முதல் முறை இழுப்பு வந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. கடையில் பஞ்சு அரைக்கிற மெஷினுக்கு அடியில் தூசிப் பஞ்சு சேரும். பழைய மெத்தைகளைப் பிரித்து அரைக்கும்போது, பத்து வருடம் பலர் படுத்த தூசியெல்லாம் அதில்தான் வந்து தங்கும். மனிதர் தலைவைக்கிற எதிலும் அந்தப் பஞ்சு போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். நான் தையல் பழகுவதற்காக அதைத் திணித்து ஒரு சின்னத் தலையணை தைத்திருந்தேன். அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் தூங்கிப்போனாள். அரை மணியில் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம் வந்தது. அம்மாவும் அப்பாவும் பதறினார்கள். நான்தான் பக்கத்து வீட்டு வேலியிலிருந்து கற்பூரவல்லியைப் பறித்து வந்து வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். தண்ணீர் சிந்தித் தலையணை நனைந்துவிட்டதால் அதைத் தூக்கி வெளியே போட்டேன். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கி அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இவ கை ராசியான கை. பெரிய டாக்டரே தோத்தான் போ," என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு உறை தைக்கும் வேலை, அப்பாவுக்கு மெஷின். அவர்கள் வாய் கொள்ளாமல் பேசியது சின்னவளைப் பற்றித்தான். அவள் அழகாக இருப்பாள், பாடுவாள், படிப்பாள். அன்று ஒரு மத்தியானம் முழுக்க எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். தங்கையும் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தச் சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லக்கூடும். ஒரு தடவை என்றால் அப்படிச் சொல்லலாம். பதினேழு தடவை. எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பதினேழு தடவையும் நான்தான் ஆவி பிடிக்க வைத்தேன், பதினேழு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டது. ஆவியில் தலையணை ஈரமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் அதை மாற்றிவிடுவேன். அது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டாவது முறையிலிருந்து அந்தத் தலையணைகளை நான் வேண்டுமென்றுதான் தைத்தேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்று நீங்கள் நினைக்கலாம். கிள்ளுகிறவள் பிள்ளை அழுதால் போதும் என்று கிள்ளுகிறாள். நான் அவளை ஒரு நாளும் அழவைக்க நினைத்ததில்லை. குணப்படுத்தவே நினைத்தேன். குணப்படுத்த ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியில் எல்லோரும் வெளியூர் போன வாரம் அவளுக்கு இழுப்பு வந்தது. அவளுடைய சிநேகிதி வீட்டில் பத்து நாள் தங்கப் போவதாக இருந்தபோது வந்தது. இருபத்திரண்டு வயதில் வேறு ஊரில் டீச்சர் வேலைக்கு நேர்காணல் இருந்தது, அதற்கு முந்தின நாள் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்" என்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வீட்டில் எங்கள் இருவர் மூச்சு மட்டும்தான் இருந்தது.

அவளுக்கு இருபத்தொன்பது வயதானபோது நான் கடை ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தது, ஊசி பிடிக்க முடியவில்லை. அந்த ஆறு வாரத்தில் அவளுக்கு ஒரு முறைகூட இழுப்பு வரவில்லை. அவள் வேலை பார்த்த பள்ளிக்கு மின்சார வேலை செய்ய வந்தவர் ஒருவர் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர்தான். தேதி குறிக்கும்போது தங்கை சொன்னாள்: "அக்கா கை கட்டு அவிழ்க்கறதுக்குள்ள வச்சுடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். என் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று சொல்கிறாள் என நினைத்து நானும் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வெளியூரில் இருந்தாள். அங்கே ஒரு டாக்டர் அவளுக்கு இன்ஹேலர் கொடுத்திருந்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நீல டப்பா. வருடத்துக்கு ஒரு முறை என்னைப் பார்க்க வருவாள். வரும்போதெல்லாம் சொந்தத் தலையணையை ஒரு பையில் போட்டு எடுத்து வருவாள். "அவரு வாங்கித் தந்தது, இது இல்லாம தூக்கம் வராது" என்பாள். மெத்தைக்கடைக்காரி வீட்டுக்கு ஒருத்தி தலையணை சுமந்து வருகிறாள் என்று தெருவில் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. போன மாதம் அவள் ஐந்து நாள் தங்குவதற்கு வந்தாள். மாப்பிள்ளைக்குக் கடல் கடந்து வேலை மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்து அழைத்துப் போவார், அன்று சாயங்காலம் விமானம்.

"எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அஞ்சு வருஷம் ஆகலாம். நீயும் அங்க வந்துடேன்."

"கடைய யாரு பாக்கறது?"

"கடையே உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கு," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமான்களையெல்லாம் ஏற்கெனவே கட்டி அனுப்பியாகிவிட்டதாம். அந்த முறை அவள் தலையணை கொண்டுவரவில்லை.

அவளுக்கென்று ஒன்று தைத்தேன். உறைக்கு நல்ல துணி, நீலத்தில் வெள்ளைக் கோடு. உள்ளே என்ன வைத்தேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மூன்று நாள் படுத்தால் போதும் என்பது என் கணக்கு. விமானம் போய்விடும், மாப்பிள்ளை முன்னால் போவார், இவள் உடம்பு தேறும்வரை என்னோடு இருப்பாள். கொலை செய்கிறவர்கள் இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள், மேடம். நான் அவளை வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

வந்த முதல் நாளே, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மெஷின் ரூமில் கடைசிப் பஞ்சு மூட்டைக்குள் செருகினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். டப்பா இருந்தால் அவள் அதைத்தான் தேடுவாள், இலையைக் கேட்க மாட்டாள். முற்றத்து முல்லைக்கு மணம் இல்லை என்கிற கதையாகிவிடும்.

தலையணையைப் பார்த்ததும் அவள் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினாள். அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அழுத்தல் அது. புதுப் பஞ்சு உடனே எழும்பும், தூசிப் பஞ்சு குழிந்தபடியே கிடக்கும். குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்காகத் தச்சியாக்கா?"

"வேற யாருக்கு?"

அன்றும் மறுநாளும் சால்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை சாயங்காலம் எனக்கு அழுகை வந்துவிட்டது. இது நடிப்பில்லை. நான் தைத்துக் கொடுத்ததில் தலைவைக்கக்கூட உனக்குக் கசக்கிறதா என்று கேட்டேன். அவள் கைப்பையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, இன்னிக்கு ஒரு நாள் உன் தலகாணியிலயே படுத்துக்கறேன். அழாத," என்றாள். சால்வையை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இழுப்பு வந்தது. அதற்குமுன் இப்போது வீட்டில் நடப்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது.

அவள் போன மூன்றாம் நாளிலிருந்து எனக்கு அந்த விசில் சத்தம் கேட்கிறது. முதலில் கடை அலமாரியில் அடுக்கியிருந்த தலையணைகளில் ஒன்றிலிருந்து வருவதாகத் தோன்றியது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் பிரித்தும் எல்லாவற்றிலும் நல்ல பஞ்சுதான் இருந்தது. கடையே பஞ்சுக் கிடங்காகக் கிடக்கிறது, வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இப்போது நான் தலைக்கு எதுவும் வைப்பதில்லை. சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

வியாழக்கிழமை நான் ஒடித்த கிளைகளில் ஒன்று மிச்சமானது. அதை ஜன்னல் வழியே எறிந்திருந்தேன். நடவில்லை, ஊன்றவில்லை. அது தானாக வேர்விட்டு இப்போது ஜன்னல் கம்பிவரை வந்துவிட்டது. வெயில் வெளியே இருக்க, செடி உள்ளே கட்டிலைப் பார்த்துச் சாய்கிறது. சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று சில காலைகளில் நிச்சயமாகத் தெரிகிறது. பிடுங்கிப் போடலாம் என்று இரண்டு முறை போனேன். பிடித்த கைக்கு அடியில் தண்டு ஏறி இறங்கியதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன். அம்மா சொன்ன மூன்றாவது விஷயத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவள் எழுந்து உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். ஒரு அறை, இன்னொரு அறை, பிறகு பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். சீப்பு, சாவி, பாஸ்போர்ட், ஒரு மிட்டாய். மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் தோட்டத்துக்குப் போய் இலை பறித்து வந்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். எல்லாம் முறைப்படி.

எட்டரைக்கு டைப்பிஸ்ட் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகிற வழியில் சத்தம் கேட்டிருக்கிறது.

"என்னங்க இது, இப்படி இழுக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணவா?"

"பண்ணியாச்சு, வந்துட்டிருக்கு. நீ கிளம்பு, உனக்கு நேரமாச்சு," என்றேன்.

நான் போன் செய்யவில்லை. உங்கள் பதிவில் ஒன்பதே காலுக்கு என் அழைப்பு இருக்கிறது என்றீர்களே, அதுதான் முதலாவது. அதற்குமுன் வந்திருந்தால் அவர்கள் மூக்கில் குழாயை மாட்டித் தூக்கிப் போயிருப்பார்கள், பெயர் அவர்களுக்குப் போயிருக்கும்.

இங்கேதான் நான் அறிக்கையைத் திருத்த வேண்டும். இலை தோற்றது என்று எழுதியிருக்கிறார்கள். பதினேழு முறையும் ஆவி பிடிக்க வைக்கும்போது தலையணையை மாற்றினேன் என்று சொன்னேன் அல்லவா. பதினெட்டாவது முறை மாற்றவில்லை. மறதியில்லை. அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கும் கழுத்துக்கும் அதையே முட்டுக் கொடுத்தேன். அத்தனை வருடமும் நான் இலைக்குத் துணையாகத் தலையணையை எடுத்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அது இலையை நம்பாத செயல் என்று எனக்கு உறுத்தும். அன்றைக்கு ஒரு நாள், அவள் என்னை விட்டுப் போவதற்குள், இலை தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினேன். இன்னும் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் செய்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும். அதற்காக யானையைக் குறை சொல்லலாமா?

ஒன்பது மணிக்கு அவள் உதடு நீலமாகிவிட்டது. பேச மூச்சு போதவில்லை. நான் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து விலக்கி, தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தத் தலையணையின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இத எடுத்துடுக்கா. எப்பவும் எடுப்பியே," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த வயதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தே அத்தனை முறை என் தலையணையில் தலைவைத்தாள், பதினெட்டாவது முறையும் வைத்தாள். ஏன் என்று இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வருகிறது, மேடம். அந்த இலையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.